ட்ரோன் பறக்கட்டும்; படம் யார் கையில்?

சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் குறைந்த வருடத்தில் சிறுபோகம் செய்தவர்களுக்கு அந்தச் சண்டை தெரியும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: "மேலே மறித்துவிட்டார்கள்". அதிகாரிகளைக் கேட்டால் "திறந்துவிட்டோமே" என்பார்கள். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். இடையில் தண்ணீர் எங்கே போனது என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

அந்தச் சாட்சியாக ட்ரோன் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். செய்மதி போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படங்களில் மிக நுணுக்கமானதிலும் ஒரு புள்ளி 10 மீற்றர். எமது கிளை வாய்க்கால்கள் அதில் பிடிபடாது. மாரியில் முகிலும் மறைத்துவிடும். ட்ரோன் முகிலுக்குக் கீழே பறக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் பொருத்தினால், சில சென்றிமீற்றர் நுணுக்கத்தில் வரைபடம் கிடைக்கும். மேடு பள்ளமும் தெரியும். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே சல்பீனியா அடைத்திருக்கிறது, எந்த வயல் நிரம்பியிருக்க எது வெடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஆனாலும் கலங்கிய நீரின் ஆழத்தையோ வாய்க்காலில் ஓடும் அளவையோ சாதாரண கமரா சொல்லாது. அதற்கு மதகடியில் அளவுகோல் வேண்டும், அதைப் பார்த்து எழுத ஆளும் வேண்டும். கடும் மழையிலும் காற்றிலும் சிறிய ட்ரோன்கள் பறப்பதில்லை.

இது நமக்குப் புதிய தொழில்நுட்பமும் அல்ல. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே பத்தரமுல்லையில்தான் இருக்கிறது. சுமார் பத்து வருடங்களுக்கு முன்பே அது அனுராதபுரப் பக்கம் வயல்களை ட்ரோனால் படமெடுத்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் 2019 ஏப்ரலில் ட்ரோன்கள் தரையிறக்கப்பட்டதும் நினைவிருக்கும். எமது ஊர்களில் வானத்தில் ஏதாவது இரைந்தால் "யாரைப் பார்க்கிறார்கள்?" என்ற கேள்வி எழுவதில் வியப்பில்லை.

எனவே என் கவலை கருவியைப் பற்றியதல்ல, படத்தைப் பற்றியது. எடுத்த படம் அலுவலகக் கணினியில் தூங்கினால் வட்டவிதானைக்கு என்ன பயன்? கல்லோயா இடதுகரையில் 1981 சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசி நீர்தான் இருந்தது. அப்போது மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் நீரை மிச்சம் பிடித்துக் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். ட்ரோன் இல்லாத காலம் அது. புதிதாக அமைந்த விவசாயிக் குழுக்கள் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, யாருக்கு எவ்வளவு என்று முகத்துக்கு முகம் பேசித் தீர்மானித்ததால்தான் அது நடந்தது.

நீர்ப்பாசனத் திணைக்களம் எடுக்கும் படத்தையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொரு வட்டையின் வரைபடத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்டட்டும். போகத்தின் நடுவில் இன்னொரு முறை பறந்து, அந்தப் படத்தை விவசாய அமைப்புகளின் வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பட்டும். வரும் கூட்டத்தில் எமது விவசாய அமைப்புகள் இதை எழுத்தில் கேட்டு, கூட்டக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.