இறங்குவதற்கும் ஒரு திட்டம்!

பனிச்சறுக்கில் கரைகண்டவர்களுக்கு, லிஃப்ட் வசதியுள்ள மலைகள் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். ஆள் அரவமில்லாத மலையைத் தேட ஆரம்பிப்பார்கள். அவர்களில் பலரின் கனவு, அலாஸ்காவில் இருக்கும் டெனாலி. உயரம் 6,190 மீட்டர். வட அமெரிக்காவிலேயே உயர்ந்த சிகரம். 2025-ல் அமெரிக்க அரசு இதற்கு மெக்கின்லி என்ற பழைய பெயரைத் திரும்பச் சூட்டியது. மலையேறிகளுக்கு இன்னமும் டெனாலிதான்.

இங்கே சாலை கிடையாது. டல்கீட்னா என்ற சிற்றூரிலிருந்து குட்டி விமானத்தில் பறந்து, கஹில்ட்னா பனியாற்றின் மேல், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இறங்க வேண்டும். மேகம் மூடினால் விமானம் வராது. போகும்போதும் அப்படித்தான், திரும்பும்போதும் அப்படித்தான். ஆகவே முதலில் போட வேண்டியது நாள் கணக்கு. பயணத்துக்கு 3 வாரம், அதற்கு மேல் கையிருப்பாகச் சில நாட்கள். ‘இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்பியே ஆகணும்’ என்று கிளம்புகிறவர் மலையில் அவசரப்படுவார். அங்கே ஆகவே ஆகாதது அவசரம்தான்.

அடுத்தது வழிகாட்டி. 60 நாட்களுக்கு முன்பே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். தேசியப் பூங்கா அனுமதித்த சில நிறுவனங்கள் மட்டுமே இங்கே ஆட்களை அழைத்துப் போகலாம். ‘எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது? திரும்பலாம் என்று யார் முடிவெடுப்பார்?’ இந்த மூன்றையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். வழிகாட்டி ‘வேண்டாம்’ என்றால் பேச்சே இல்லாமல் திரும்ப வேண்டும். கட்டுகிற பணத்தில் பாதி அந்த ஒரு வார்த்தைக்குத்தான்!

எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், இங்கே சறுக்குவது கொஞ்ச நேரம், சுமப்பதுதான் அதிக நேரம். முதுகுப் பையும் இழுவை வண்டியுமாக, ஒருவருக்கு 50 கிலோ வரை வரும். உணவு, எரிபொருள், கூடாரம் எல்லாம் அதில்தான். பனியாற்றின் பிளவுகள் மேலே பனி மூடி, கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒருவரோடு ஒருவர் கயிறு கட்டியே நகர்வார்கள். மே, ஜூனில்கூட மேல் முகாம்களில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்குப் போகும். துருவப் பக்கம் என்பதால் காற்றழுத்தமும் குறைவு. இதே உயரமுள்ள இமயமலைச் சிகரத்தைவிட இங்கே மூச்சு அதிகம் வாங்கும். படிப்படியாக ஏறி, உடம்பைப் பழக்கினால்தான் ஆச்சு.

மலையின் மிக ஆபத்தான இடத்துக்கு மலையேறிகள் வைத்த பெயர் ‘ஆட்டோபான்’. சுமார் 5,500 மீட்டரில் இருக்கும் டெனாலி கணவாயிலிருந்து மேல் முகாமுக்கு இறங்கும் சரிவு அது. உச்சியைத் தொட்ட களைப்பில் இறங்கும்போது இங்கே கால் தவறியவர்கள் பலர். பனி கெட்டிப்பட்டுக் கிடந்தால், எந்தச் சூரரும் பலகையைக் கழற்றிவிட்டு, முள் தகடு மாட்டி, கயிற்றோடு நடந்துதான் இறங்க வேண்டும். ஜூனில் அங்கே சரியாக இருட்டுவதுகூட இல்லை. ‘பொழுது சாயுது, திரும்புவோம்’ என்று வானம் சொல்லாது. அதனால் திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே கடிகாரத்தில் குறித்துவிட வேண்டும்.

டெனாலிக்குப் போகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் உச்சியைத் தொடாமல்தான் திரும்புகிறார்கள். இதை வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ‘சொன்ன தேதியில் போன் வராவிட்டால் பதறாதீர்கள், விமானத்துக்குக் காத்திருப்போம்’ என்ற ஒரு வரி போதும். கூடவே, நிறுவனத்தின் போன் நம்பரையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காப்பீடு மலையேற்றத்துக்கும் மீட்பு விமானத்துக்கும் செல்லுமா என்று படித்துப் பார்த்த பிறகு!