அழுகைப் பாட்டு வேண்டாவா?

2024 மார்ச் 10, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஜலகண்டாபுரத்திற்கு அருகே ஓர் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றினேன். எருசலேம் தீக்கிரையானதையும் மக்கள் நாடுகடத்தப்பட்டதையும் முதல் வாசகம் எடுத்துரைத்தது. பதிலுரையாக 137-ஆம் திருப்பாடல் வரவேண்டிய இடத்தில், கீபோர்டின் தாளம் அதிர, நன்றிப் பாடல் ஒன்று முழங்கியது. பிறகு காரணம் வினவினேன். “சாமி, அது அழுகைப் பாட்டு. இன்று மகிழ்ச்சி ஞாயிறு அல்லவா?” என்றார் பாடகர் குழுவினர் ஒருவர்.

இது ஒருவரின் கருத்தன்று. நம் பங்குகள் பலவற்றில் வேரூன்றிவிட்ட மனநிலை. ஆதலால் மறுத்தே ஆகவேண்டும்.

பதிலுரைப் பாடல் இரு வாசகங்களுக்கு இடையே இளைப்பாற இசைக்கும் பாட்டன்று, அதுவும் இறைவார்த்தையே. விவிலியம் சாராத பாடலை அதன் இடத்தில் வைக்கலாகாது என உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் (எண் 57) தெளிவாகக் கூறுகின்றன. கீபோர்டுக்கு ஏற்றபடி நற்செய்தியை மாற்றுவோமா? திருப்பாடலை மட்டும் ஏன் மாற்றுகிறோம்?

அத்திருப்பாடல் கூறுவது என்ன? கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுகின்றனர். சிறைப்பிடித்தவர்களோ கேளிக்கைக்காக ஒரு பாட்டுக் கேட்கின்றனர். அவர்கள் யாழை மரத்தில் மாட்டிவிட்டு மறுக்கின்றனர். அப்படியானால், “அழுகை வேண்டா, உற்சாகம் தாருங்கள்” என்பது யாருடைய குரல்? சிறைப்பட்டவரின் குரலா, சிறைப்பிடித்தவரின் குரலா? 1978-இல் போனி எம் குழு இப்பாடலைத் துள்ளிசையாக்கியபோது உலகமே ஆடியது. பாபிலோனியர் கேட்டுப் பெறாத கேளிக்கையை நாம் வழங்கிவிட்டோம்!

இந்தத் துயரம் நமக்கு அந்நியமானதா? மேட்டூர் நமக்குத் தொலைவில்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை ஊர்கள் சிலவற்றை விழுங்கிற்று. நீர்மட்டம் தாழும்போதெல்லாம் பண்ணவாடியில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் தலைதூக்கி நிற்கின்றன. அங்கே வழிபட்டு, ஊரை இழந்து வெளியேறியவர்களுக்கு 137-ஆம் திருப்பாடலுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்குமா? 1983 முதல் ஈழத்திலிருந்து வந்து நம் முகாம்களில் வாழ்வோருக்குத் தேவையா? தறி நின்றுபோக, திருப்பூருக்கு மூட்டை கட்டும் குடும்பத்திற்குத் தேவையா? ஒப்பாரி அறிந்த நம் தாய்மாருக்கு அழுகையைக் கற்பிக்க வேண்டா. ஆலயத்தில் அதற்கு இடம் தந்தால் போதும்.

“அப்பாடல் பழிவாங்கும் வெறியில் முடிகிறதே” என்பர் சிலர். உண்மை. திருச்சபையே அவ்விறுதி வசனங்களை வழிபாட்டில் விட்டுவிட்டது. எஞ்சிய ஆறு வசனங்களையும் நீக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

மகிழ்ச்சி ஞாயிறும் இங்கே தடையன்று. அதே முதல் வாசகம், மக்கள் ஊர் திரும்பலாம் என்னும் சைரசு மன்னரின் ஆணையோடுதான் முடிகிறது. இழந்ததை எண்ணி அழாதவருக்குத் திரும்பும் மகிழ்ச்சி எப்படிப் புரியும்?

இத்திருப்பாடல் 2027 மார்ச் 7 ஞாயிறன்று மீண்டும் வரும். அன்று கீபோர்டு ஓய்வெடுக்கட்டும். ஒரு குரல் பாடட்டும். இறைமக்கள் அனைவரும் பதிலுரைக்கட்டும்.