மண்டிக்குள் பேசி முடித்தால் முடிந்துவிடுமா?

வணிகப் பெருமக்களே, நம் மண்டியில் ஒரு விபத்து நடந்துவிட்டால் நாம் செய்வது என்ன? ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். பிறகு மேஸ்திரியையும் பெரியவர் இருவரையும் சங்க அறையில் உட்கார வைத்து ஒரு தொகை பேசுகிறோம். முத்திரைத்தாளில் "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். விவகாரம் முடிந்தது என்று நம்புகிறோம். சட்டப்படி அது முடியவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்கு 2022-ல் நேர்ந்ததைச் சொல்கிறோம். லாரியிலிருந்து பருப்பு மூட்டை இறக்கும்போது பின்கதவு விழுந்து, 35 வயதுத் தொழிலாளி ஒருவரின் கட்டைவிரல் போய்விட்டது. நம்மவர் நல்ல மனிதர், ஓடி ஒளியவில்லை. வைத்தியம் பார்த்து, ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, கையெழுத்தும் வாங்கினார். ஒன்றரை ஆண்டு கழித்து இழப்பீட்டு ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. "பேசி வாங்கியவன் இப்படிச் செய்யலாமா?" என்று நம்மிடம் குமுறினார்.

கணக்கைப் பார்த்தால் குமுற வழியில்லை. அப்போது நடப்பிலிருந்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த மாத ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். கூலி அதற்கு மேல் இருந்தாலும் கணக்குக்கு அவ்வளவுதான். அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குரிய பெருக்குத் தொகை 197.06. கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை சொல்வது 30 சதவீதம். பெருக்கினால் 5,32,062 ரூபாய் வருகிறது. கொடுத்ததோ ஒரு லட்சம். அந்தத் தொழிலாளி ஏமாற்றவில்லை. தனக்கு என்ன உரிமை என்று தெரியாமல், கையில் கட்டுடன், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத நேரத்தில் கையெழுத்துப் போட்டார். அதைச் சம்மதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், சட்டம் சொல்லாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றே சட்டத்தில் உள்ளது.

பேசித் தீர்ப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வழக்கென்று போனால் நமக்குக் கடை கெடும், அவருக்குக் கூலி கெடும். பேச்சு வேண்டியதுதான். பேசியதை அதிகாரியிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும் என்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். தொகை போதுமா, மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியதா என்று பார்த்து அவர் பதிவு செய்வார். போதாது என்றால் மறுப்பார். பதிவான ஒப்பந்தம் உத்தரவைப் போல நிற்கும். பதியாமல் விட்டால் முழு இழப்பீடும் முதலாளி தலையில்தான். அதிகாரி வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது. நம் நண்பர் கொடுத்த ஒரு லட்சத்தில் 50,000 மட்டுமே கணக்கில் வரும். மீதி 4,82,062 ரூபாயோடு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், போதிய காரணமில்லாத தாமதத்துக்குப் பாதி வரை அபராதமும் சேரலாம். விபத்து நடந்த நாளிலிருந்தே கடன் தொடங்கிவிடுகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது.

உயிரிழப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். குடும்பத்தாரிடம் நேரே கொடுக்கும் தொகை இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் மட்டும் விதிவிலக்கு. மற்றதை அதிகாரியிடம் கட்டிவிட வேண்டும், அவர் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இது நம்மைத் துன்புறுத்த வைத்த விதியல்ல. மைத்துனர் கையில் கொடுத்த பணம் விதவை கைக்குப் போய்ச் சேராத கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்!

அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் பதிவு விதி போகவில்லை. தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு உதவி அங்கிருந்தே கிடைக்கும். தனியாக இழப்பீட்டு பாலிசி எடுத்திருப்பவர்கள், கம்பெனிக்குத் தெரிவிக்காமல் தொகை பேசிவிட வேண்டாம். பிறகு அவர்கள் கையை விரிப்பார்கள்.

மனு ஏற்கெனவே போய்விட்டால் லோக் அதாலத் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே இருதரப்பும் ஒத்துக்கொண்ட தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் அடுத்த அமர்வின் தேதி சொல்வார்கள்.

நமது சங்கத்தின் சமரசக் குழு வரும் பொதுக்குழுவிலேயே ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். காயம்பட்டவரின் வயது, கூலி, மருத்துவர் தந்த ஊன சதவீதம் மூன்றையும் வைத்துச் சட்டப்படியான தொகையைத் தாளில் எழுதி, இருதரப்புக்கும் காட்டிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். பதிவுக்குப் போகாத எந்தத் தாளிலும் சங்க முத்திரை விழக்கூடாது.