மாலைச் செபமும் மனத்து முள்ளும்



ஒரு தாயின் 31ஆம் நாள் திருப்பலி. அவருடைய மகன்மார் இருவரும் ஒரே வாங்கில், நடுவே இருவர் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு நின்றார்கள். எல்லை வேலி ஒன்றின் பொருட்டு அவர்களுக்குள் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஆயினும் கர்த்தர் கற்பித்த செபத்தை இருவருமே வாய்விட்டுச் சொன்னார்கள். திருப்பலியின் பின் மூத்தவரிடம் இதைப் பற்றி மெல்ல எடுத்துச் சொன்னேன். "நாங்கள் என்ன, மடத்துத் துறவிகளே சுவாமி? அவைக்குக் காணியும் இல்லை, வழக்கும் இல்லை. மணி அடிச்சால் செபம், மணி அடிச்சால் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு அவர் அகன்றார்.

துறவற மடங்களைப் பற்றி நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணமும் இதுவே. சண்டை சச்சரவற்ற மனிதர் வாழும் அமைதியான இடம் அது. ஆகவே அங்கே செபிப்பதும் மன்னிப்பதும் எளிது என்று நினைக்கிறோம். இது தவறான எண்ணம். அதைவிட, மன்னிக்க மனமில்லாத வேளைகளில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாட்டும் ஆகும்.

மேலைத் திருச்சபையின் துறவற வாழ்வுக்கு வடிவம் கொடுத்தவர், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர். முதலில் அவரைத் தங்கள் தலைவராக வருந்தி அழைத்த துறவிகளே, பின்னர் அவருடைய கண்டிப்பைப் பொறுக்காமல் திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள் என்று பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் எழுதி வைத்துள்ளார். மடத்துச் சுவர்களுக்குள்ளும் மனித இதயமே வாழ்கிறது என்பதை ஆசீர்வாதப்பருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் துறவிகள் ஒன்றுகூடிச் செபிக்க வேண்டும். 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிக்க வேண்டும். அழைப்பொலி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு எழ வேண்டும். இத்தனை கண்டிப்புக்குள்ளும் எத்தகைய பரிவு! நித்திரை மயக்கத்தில் பிந்தி வருவோரும் வந்து சேரட்டும் என்பதற்காக, இரவுச் செபத்தின் தொடக்கத் திருப்பாடலை மிக மெதுவாகச் சொல்லும்படி அவர் பணிக்கிறார். வாரமுறைப்படி சமையற் பணி செய்பவர், தமது முறை முடிகையில் எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என்கிறார்.

இவற்றுள் என் உள்ளத்தைத் தைத்தது 13ஆம் அதிகாரம். காலைச் செபத்தின் முடிவிலும் மாலைச் செபத்தின் முடிவிலும், கர்த்தர் கற்பித்த செபத்தை மடத்தின் தலைவர் எல்லாரும் கேட்கும்படி முழுமையாகச் சொல்ல வேண்டும். ஏன்? ஒன்றாக வாழ்வோரிடையே மனத்தாங்கல் எனும் முட்கள் முளைப்பது வழக்கம். பிறரை மன்னிப்பதாக அச்செபத்தில் நாம் கொடுக்கும் வாக்குறுதியைக் காதால் கேட்டு, ஒவ்வொருவரும் அந்த முள்ளைக் களைந்துகொள்ள வேண்டும் என்பதே காரணம். 'முட்கள் முளைத்தால்' என்றல்ல, அவை முளைக்கவே செய்யும் என்று அறிந்தே அவர் இதை விதித்தார்; அதுவும் நாளுக்கு இரு முறை!

ஆம், துறவிக்குச் சொந்தக் காணி இல்லை. ஆனால் சாகும்வரை அதே மடத்தில், அதே முகங்களோடு வாழ்வதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நமக்கோ கோபம் வந்தால் கொழும்பு இருக்கிறது, கனடா இருக்கிறது. தொலைபேசியை எடுக்காமலும் விடலாம். துறவிக்கு அந்த வழியும் இல்லை. தம்மை நோகச் செய்தவருக்கு அருகில் நின்றே அவர் மறுநாள் அதிகாலையிலும் பாட வேண்டும்.

இத்தகைய வாழ்வு நமது மண்ணுக்கும் புதிதன்று. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் சில்வெஸ்றின் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அ.ம.தி. 1928இல் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். அத்தகைய மடங்களுக்குச் செபத்தேவைகளைக் கொண்டுசெல்லும் நாம், அங்கிருந்து செபிக்கும் முறையையும் கொண்டுவரலாகாதா?

குருவாகிய நானும் இதற்கு விலக்கல்ல. ஒருவர்மீது மனக்கசப்பை வைத்துக்கொண்டே திருப்புகழ்மாலையை விரைவாகச் சொல்லி முடித்த மாலைகள் எனக்கும் உண்டு. தனியே செபிப்பவனுக்குத் தன் குரல்கூடக் கேட்பதில்லை. அதனாலேயே குடும்ப செபம் பெரும் பேறு என்கிறேன்.

இன்றிரவு உங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் ஒன்று செய்து பாருங்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைக் குடும்பத் தலைவரோ தலைவியோ மட்டும் நிதானமாகச் சொல்லட்டும், ஏனையோர் கேட்கட்டும். மன்னிப்பைப் பற்றிய இடம் வந்ததும் சற்று நிறுத்துங்கள். அந்த மௌனத்தில் எவருடைய முகம் உங்கள் கண்முன் வருகிறதோ, அவரைத் தேடிச் செல்லும்படியே இறைவன் உங்களை அழைக்கிறார். மன்னிக்க மனம் வரும்வரை செபத்தை நிறுத்திவைக்க வேண்டாம்; மன்னிக்காமலே செபித்துப் பழகிவிடவும் வேண்டாம்.

நாம் ஒரே வாங்கில் இடைவெளியின்றி நிற்கும் நாளை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.