பதிமூன்று புள்ளிக்கு எத்தனை வழி?

1-3-5-3-1 எனப் புள்ளி வைத்த கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? இப்படிக் கேட்டால் விடை 13. ஒரு 'சரி' போட்டதோடு வேலை முடிந்தது.

ஒவ்வொன்றாக எண்ணாமல் கண்டுபிடிக்க எத்தனை வழி உண்டு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை வரிசைகளைக் கூட்டும். இன்னொரு பிள்ளை நடுவில் 9 புள்ளிச் சதுரம், முனைக்கு ஒன்றாக 4 என்று பிரிக்கும். தாளைச் சாய்த்துப் பார்க்கிற பிள்ளைக்கோ 9 புள்ளிச் சதுரமும் 4 புள்ளிச் சதுரமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். அடுத்த கோலம் 1-3-5-7-5-3-1 என்றால், 16-உம் 9-உம் 25 என்று அந்தப் பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். விடை ஒன்றுதான், சிந்தனை மூன்று.

இந்த வித்தியாசம் நம் தேர்வுத் தாள்களில் பதிவாவதே இல்லை. அனைத்துலக ஒப்பீட்டிலும் நம் நிலை சிந்திக்க வைக்கிறது. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் 2022 பீசா ஆய்வில் மலேசியா கணிதத்தில் 409 புள்ளி பெற்றது. 2018-இல் அது 440. படைப்பாக்கச் சிந்தனையில் 60-க்கு 25. சிங்கப்பூருக்கு 41.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானது. வகுப்பறை மதிப்பீட்டுக்கு இப்போது இடம் இருக்கிறது. மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத் தமிழ்ப்பள்ளிகள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கோலத்தைப் போல நம் பண்பாட்டிலிருந்தே கேள்விகளை எடுக்கலாம். ஆனால் பாடநூல் கணக்கில் ஆப்பிளை எடுத்துவிட்டு முறுக்கைப் போட்டால் அது பண்பாட்டுக் கணக்கு ஆகிவிடாது. கணக்கு பிள்ளைகளின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் செம்பனைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மரங்களை ஏன் முக்கோணமாக நடுகிறார்கள்? 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஹெக்டருக்கு சுமார் 123 மரம். முக்கோணமாக நட்டால் சுமார் 142. தாளில் புளியங்கொட்டைகளை அடுக்கியே பிள்ளைகள் இதைத் தேடலாம். சாலை, வாய்க்கால் குறுக்கிட்டால் எப்படி நடுவது என்று தாங்களே திட்டம் போடலாம்.

இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எத்தனை வழி, அவை எவ்வளவு வேறுபட்டவை, வகுப்பில் வேறு யாருக்கும் தோன்றாதது உண்டா என்ற அளவுகோல்களை அமெரிக்க உளவியலாளர் டோரன்ஸ் 1960-களிலேயே வகுத்துவிட்டார். ஒரே தாளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால் பாரபட்சம் குறையும். மாவட்டத்தின் மஸ்ஜித் தானா, டுரியான் துங்கால், புலாவ் செபாங் வட்டார ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு கேள்வியைச் சேர்ந்து தயாரித்து, தாள்களை மாற்றிக்கொண்டு திருத்தலாம்.