கேஸ் வரிசையில் நிற்பது யாருடைய பிள்ளை?

ஊர் மக்களுக்கு ஒரு விஷயம். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“ஒன்லைன் வகுப்புக்குப் பிள்ளைகள் வாறதில்லை, வந்தாலும் கேள்வி கேட்டால் வாய் திறக்கிறதில்லை, எல்லாம் போன் கேம்தான்” என்று சந்தியில் நின்று பேசுகிறோம். அதே சந்தியில் சுபஹுக்கு முன்பே வெற்றுச் சிலிண்டரோடு இடம் பிடித்து நிற்பது யார்? அதே பிள்ளைகள்தான். வரிசையில் நிற்கும் பிள்ளை ஸூமில் எப்படிப் பதில் சொல்லும்? வீட்டிலிருக்கும் ஒரே போனும் கேஸ் லொறி எங்கே வருகிறது என்று பார்க்க உம்மாவின் கையில் இருக்கிறது.

எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் போனுக்கு வந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஜூலையில் 4,910 ரூபாவானது. காசு இருந்தாலும் வரிசையாக இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்தது. ரைஸ் குக்கரை நம்பினால் மின்வெட்டு வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய நமது கரையோர வளவுகளில் விறகடுப்பு மூட்ட இடமும் இல்லை.

அப்போது நாட்டில் டொலர் இல்லாமல் போனதற்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் 2022 ஜூலையில் கப்பல் வந்து விநியோகம் தொடங்கியது. ஊருக்கு வரும் சிலிண்டரை எப்படிப் பங்கிடுவது என்பது நமது பொறுப்பு.

“முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுப்பதுதான் நியாயம்” என்கிறார்கள். யாரால் முந்தி வர முடியும்? வீட்டில் இரண்டு ஆண்கள் உள்ளவரால் முடியும். கணவன் கட்டாரில் இருக்கும் பெண்ணும், விதவைத் தாயும் பத்தாம் வகுப்பு மகனைத்தான் அனுப்ப வேண்டும். வரிசையில் நாள் முழுக்க நிற்பவருக்கு ஒன்றுமில்லை, பின்கதவால் போகும் சிலருக்கு மூன்று சிலிண்டர். இதையா நியாயம் என்கிறீர்கள்?

2022 ஜூலை 10ஆம் திகதிதான் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடினோம். குர்பான் இறைச்சியை மஹல்லாப் பட்டியல் பார்த்து வீட்டுக்கு வீடு பங்கிட்டோம். யாரும் வரிசையில் நிற்கவில்லை. இறைச்சிக்கு முடிந்தது சிலிண்டருக்கு ஏன் முடியாது?

பள்ளிவாசல் நிருவாகமும் கிராம உத்தியோகத்தரும் கேஸ் முகவரும் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். மஹல்லாவில் இல்லாத அயலவர் குடும்பங்களையும் சேர்த்து வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். லொறி வரும் நாளில், “இன்று 1 முதல் 100 வரை” என்று ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். முடிந்த இலக்கத்திலிருந்து அடுத்த லொறிக்குத் தொடருங்கள். பட்டியலைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போனால் ஊரே கேட்கட்டும்.

சக ஆசிரியர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஸூமில் வராத பிள்ளையை ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டுப் போனால் அது கற்பித்தலாகாது. கேள்வியை வட்சப்பில் குரல் பதிவாகப் போடுவோம். பதில் சொல்ல மறுநாள் வரை நேரம் கொடுப்போம். டேட்டாவும் குறையும். எல்லோர் முன்னிலும் பேசக் கூச்சப்படும் பெண் பிள்ளைகளும் பதில் அனுப்புவார்கள்.

2020 மார்ச்சிலிருந்து 2022 ஜூலை வரை இந்தப் பிள்ளைகள் ஒழுங்காக வகுப்பறையைக் கண்டதில்லை. இழந்த பாடத்தை எந்தக் கப்பலும் கொண்டுவராது. வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் நிருவாகத்தினரைப் பிடித்துக் கேளுங்கள்: கேஸ் பட்டியல் எங்கே?