விருந்தாளியும் குற்றவாளியும்

ஒஸாமா பின் லாதினைத் தலிபான்கள் ஒப்படைத்திருப்பார்களா? நாம் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன கேள்வி இது என்று என் தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு அது முடிந்ததாகத் தெரியவில்லை. மறுத்தவர்கள் காட்டிய காரணங்களில் மார்க்கமும் ஒன்று. அந்த மார்க்கம் என்னுடையதும்தான்.

உண்மையில் அவரை அழைத்து வந்தவர்கள் தலிபான்கள் அல்லர். 1996 மே மாதம் சூடானிலிருந்து அவர் ஜலாலாபாத் வந்தபோது அந்நகரம் அவர்கள் வசம் இருக்கவில்லை. சில மாதங்களில் நகரைக் கைப்பற்றினார்கள். விருந்தாளியும் கூடவே கிடைத்தார். 1998 ஓகஸ்ட் 7ஆம் திகதி நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டன. இறந்த 200க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்கர்கள். சவூதி அரேபியா அவரைக் கேட்டது. 1999 ஒக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1267ஆம் தீர்மானத்தின் மூலம் கேட்டது. ஆதாரம் எங்கே, விருந்தாளியைக் கைவிடுவது எப்படி, பஷ்தூன் மரபு என்னாவது என்றே பதில்கள் வந்தன.

உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பவர்களுக்கு மதீனா சாசனம் நன்கு தெரியும். குற்றமிழைத்தவனுக்கு உதவுவதும் புகலிடம் கொடுப்பதும் ஒரு விசுவாசிக்கு ஆகுமானதல்ல என்று அதில் ஒரு ஷரத்தே இருக்கிறது. அநீதிக்குள்ளானவனுக்கு அடைக்கலம் கொடுப்பது வேறு, கொலைப் பழி சுமந்தவனை விசாரணையிலிருந்து மறைப்பது வேறு. ஆதாரம் கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1998 நவம்பரில் தலிபான்களின் நீதிமன்றமே ஆதாரம் போதாது என்று அவரை விடுவித்தது. விருந்து கொடுப்பவரே தீர்ப்பும் சொன்னால் அதை யார் நம்புவார்?

கடாபியின் லிபியாவும் அமெரிக்காவுக்குப் பகை நாடுதான். 1988இல் லொக்கர்பியில் விமானம் வெடித்து 270 பேர் இறந்தனர். சந்தேகநபர்கள் இருவரையும் தரமாட்டோம் என்று லிபியா பல ஆண்டுகள் நின்றது. 1992 முதல் ஐ.நா. தடைகள் அழுத்தின. ஆயினும் 1999 ஏப்ரலில் அவர்கள் ஒப்படைக்கப்பட்டதற்குத் தடை மாத்திரம் காரணமல்ல. நெதர்லாந்தில், ஸ்கொட்லாந்து நீதிபதிகள் முன் விசாரணை என்று ஒரு நடுவழி திறக்கப்பட்டது. ஒருவர் குற்றவாளியானார், மற்றவர் விடுதலையானார். அந்த விடுதலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது பெயருக்கு நடந்த விசாரணையல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? (அவர்கள் ஓர் இயக்கத்தின் தலைவர்கள் அல்லர் என்பதையும் மறக்கவில்லை.)

தலிபான்களும் மூன்றாம் நாடு என்று சொன்னார்கள்தான். ஆனால் 2001 ஒக்டோபரில், குண்டுகள் விழத் தொடங்கிய பின்னர். ஆதாரம் காட்டி, குண்டுவீச்சையும் நிறுத்தினால் பேசலாம் என்றார்கள். ஜோர்ஜ் புஷ் மறுத்துவிட்டார். அது காலங்கடத்தும் பேச்சு என்றே நினைக்கிறேன்; மூன்று வருடங்கள் அவர்கள் கையில் இருந்தன. இருந்தாலும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்திருக்கலாம். அதன்பின் 20 வருடங்கள் நீடித்த போரில் மாண்ட ஆப்கானியக் குழந்தைகள் யாருக்கும் விருந்து வைத்தவர்கள் அல்லர்.

பின் லாதின் 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் கொல்லப்பட்டார். தலிபான்கள் 2021இல் திரும்பி வந்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள், 2022 ஜூலையில், பின் லாதினுக்குப் பின் தலைவரான அய்மன் அல்-ஸவாஹிரி காபூல் நகர வீடொன்றில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் அங்கிருந்தது தமக்குத் தெரியாது என்றார்கள். ஒப்படைத்திருப்பார்களா என்ற கேள்விக்கு எனக்கு அதுவே பதில். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க என் வயதுப் பெண்ணுக்கு அந்நகரில் ஒரு பாடசாலைக் கதவு திறக்கவில்லை. அவருக்கு மாத்திரம் பல்கனியுடன் ஒரு வீடு இருந்தது.